ஐந்து நாளும் பத்து நிமிடமும்

1993 மார்ச் 12, வெள்ளிக்கிழமை. டெக்சாஸ் கரையை ஒட்டி, மெக்சிகோ வளைகுடாவின் மேல் ஒரு காற்றழுத்தத் தாழ்வு திரண்டது. மறுநாள் விடியும்போது அது ஃபுளோரிடாவின் வடக்கே ஏறிக்கொண்டிருந்தது. அன்று இரவுக்குள் அதன் மேகங்கள் கியூபாவில் தொடங்கிக் கனடா வரை நீண்டு கிடந்தன. அலபாமாவின் பர்மிங்ஹாம் நகரத்தார் பனியைக் காண்பதே அபூர்வம். அங்கே 33 சென்டிமீட்டர் பனி குவிந்தது. டென்னசியின் லிகான்ட் மலையில் 142 சென்டிமீட்டர். அதே புயலின் தெற்கு முனை போன ஃபுளோரிடாவிலோ கதையே வேறு. இடிமேகங்களின் நீண்ட வரிசை ஒன்று இரவோடு இரவாக மாநிலத்தைக் கடந்து, டொர்னேடோ எனும் சுழற்காற்றுகள் பதினொன்றை இறக்கிவிட்டுப் போனது. அதன் பின்னாலேயே மேற்குக் கரையில் கடல் எழும்பி, சில இடங்களில் மூன்றரை மீட்டர் உயரத்துக்கு ஊருக்குள் புகுந்தது.

26 மாநிலங்கள் பாதிக்கப்பட்டன. ஏறத்தாழ ஒரு கோடி வீடுகளிலும் கடைகளிலும் மின்சாரம் போனது. கிழக்குக் கரையின் பெரிய விமான நிலையங்கள் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு நேரத்தில் மூடப்பட்டன. இறந்தவர்கள் சுமார் 270 பேர். பனியில் சிக்கியவர்கள், வெள்ளத்தில் போனவர்கள், சுழற்காற்று தூக்கி எறிந்தவர்கள் எல்லோரையும் கொன்றது ஒரே புயல்.

வானிலையியலில் இந்தப் புயலுக்கு இன்னொரு பெருமையும் உண்டு. அமெரிக்கத் தேசிய வானிலைச் சேவையின் கணினிகள் இதை ஐந்து நாள் முன்பே கண்டுகொண்டன. அப்போது வானம் தெளிவாக இருந்தது, வரைபடத்தில் தாழ்வு என்று சொல்ல ஒன்றுமே இல்லை. புயல் பிறக்கும் முன்பே அதன் பாதையையும் வலிமையையும் சொன்ன முன்னறிவிப்பு அது. சில மாநில ஆளுநர்கள் பனி விழத் தொடங்கும் முன்பே நெருக்கடி நிலையை அறிவித்தார்கள். இவ்வளவு இருந்தும், ஃபுளோரிடாவின் டெய்லர் மாவட்டக் கரையோரத்தில் மக்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். பனிப்புயலைப் பற்றித்தான் ஊரெல்லாம் பேச்சு; கடல் உள்ளே வரும் என்று அவர்கள் கேள்விப்படவில்லை. அந்த எழுச்சியில் மட்டும் பத்துக்கும் மேற்பட்டோர் மடிந்தார்கள்.

இந்த அத்தியாயம் முழுவதும் அந்த இடைவெளியைப் பற்றியதுதான். ஆயிரம் கிலோமீட்டர் அகலமுள்ள புயலை நாள்கணக்கில் முன்கூட்டியே காணக் கற்றுக்கொண்டாயிற்று. அந்தப் புயல் எந்தத் தெருவுக்கு எந்த வடிவில் வரும் என்பது இன்றும் கடைசி நிமிடங்களில்தான் தெரிகிறது.

முதலில் நிலத்தைப் பார்க்க வேண்டும். வட அமெரிக்காவின் மேற்கில் ராக்கி மலைகள் வடக்குத் தெற்காக நிற்கின்றன. கிழக்கில் அப்பலாச்சியன் மலைகளும் ஏறத்தாழ அதே வாக்கில்தான். நடுவில் ஆர்க்டிக் விளிம்பு முதல் மெக்சிகோ வளைகுடா வரை, கிழக்கு மேற்காகக் குறுக்கே விழுந்து காற்றைத் தடுக்கும் ஒரு மலைத்தொடர்கூடக் கிடையாது. இந்தியாவில் சைபீரியக் குளிரை இமயம் மறித்து நிற்கிறது. டெக்சாஸுக்கு அப்படி ஒரு காவல் இல்லை. அங்கே கனடாவின் உறைகாற்று தெற்கே பாய்வதையும், வளைகுடாவின் வெந்நீர் ஈரம் வடக்கே ஏறுவதையும் யாரும் தடுப்பதில்லை. மேற்கிலிருந்து பாலைவனத்தின் உலர்ந்த வெப்பக் காற்றும் வந்து சேர்ந்துகொள்கிறது.

மார்ச் முதல் மே வரை இந்த மோதல் உச்சத்தில் இருக்கும். தெற்கில் வெயில் ஏறிவிடும், வடக்கில் ஏரிகள் இன்னும் உறைந்திருக்கும். வெப்ப வேறுபாடு கூடக்கூட, பத்துக் கிலோமீட்டர் உயரத்தில் ஓடும் ஜெட் காற்றோட்டம் வலுக்கும். அது வளைந்து நெளியும் இடங்களில் மேலே காற்று விரிந்து விலகுகிறது. கீழே அழுத்தம் இறங்குகிறது. சுற்றுப்புறக் காற்று உள்ளே விரைகிறது. 24 மணி நேரத்தில் 24 மில்லிபார் அளவுக்கு அழுத்தம் வீழ்ந்தால் அத்தகைய புயலை 'குண்டு' என்றே அழைக்கலாம் என 1980இல் ஃபிரெட் சாண்டர்ஸும் ஜான் கியாக்கமும் எழுதினார்கள். அந்தப் பெயர் இன்று செய்தித்தாள் வரை வந்துவிட்டது.

புயலின் வடமேற்குப் பக்கம் குளிர்காற்றின் ஆட்சி, அங்கே பனி. தென்கிழக்குப் பக்கம் வளைகுடாவின் ஈரம். அங்கே இடிமழை, ஆலங்கட்டி, டொர்னேடோ. இரண்டுக்கும் நடுவிலுள்ள குறுகிய பட்டையில் உறைமழை. ஒரே நாளில் காரில் புறப்பட்டு மூன்றையும் கடந்துவிடலாம்.

ஓக்லஹோமாவில் ஒரு மே மாதப் பிற்பகலை அருகில் போய்ப் பார்க்கலாம். தரையை ஒட்டிய காற்று பிசுபிசுக்கிறது. வளைகுடாவிலிருந்து இரவெல்லாம் ஏறி வந்த ஈரம் அது. ஆனால் மேகம் திரளவில்லை. ஒன்றரை, இரண்டு கிலோமீட்டர் உயரத்தில் மெக்சிகோ பீடபூமியிலிருந்து வந்த சூடான உலர்காற்று ஒரு அடுக்காகப் படிந்து, கீழேயுள்ள காற்றை எழவிடாமல் அமுக்கி வைத்திருக்கிறது. உலைமீது வைத்த மூடி போல அது நிற்க, கீழே வெயில் சூடேற்றிக்கொண்டே போகிறது. மூடி பலவீனமாக இருந்தால் காலையிலேயே சின்னச் சின்ன மழைமேகங்கள் கிளம்பி ஆற்றலைச் செலவழித்துவிடும். உறுதியாக இருந்தால் நாள் முழுவதும் ஒன்றும் நடக்காது. மாலை நான்கு மணிக்கு ஏதோ ஒரு இடத்தில் அது உடைகிற நாள்தான் ஆபத்தான நாள். அப்போது ஒற்றை மேகம் அரைமணி நேரத்தில் பதினைந்து கிலோமீட்டர் உயரத்துக்கு எழும்பிவிடும்.

அந்த மேகம் ஏன் சுழல வேண்டும்? தரையருகே காற்று தென்கிழக்கிலிருந்து மெதுவாக வீசுகிறது. மேலே போகப்போகத் திசை மேற்காகத் திரும்பி வேகம் பலமடங்காகிறது. கீழும் மேலும் இப்படி வேறுபடும்போது இடையிலுள்ள காற்று படுக்கைவாட்டில் உருளத் தொடங்கும். எழும்பும் மேகம் அந்த உருளலை நிமிர்த்திச் செங்குத்தாக்கிவிடுகிறது. இப்படி முழுமேகமும் சுழலும் நிலைதான் சூப்பர்செல். அவற்றுள் சிறு பங்கு மட்டுமே தரைவரை நீளும் டொர்னேடோவைப் பெறுகின்றன. சுழலும் இரண்டு மேகங்கள் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். ஒன்று ஊரை அழிக்கும், மற்றது மழையோடு ஓயும். என்ன வேறுபாடு என்பது இன்னும் ஆய்வில் இருக்கிற கேள்வி. மழையோடு இறங்கும் குளிர்காற்று அளவுக்கு மீறிக் குளிர்ந்திருந்தால் சுழற்சி அறுந்துபோகிறது என்பது இதுவரை கிடைத்துள்ள முக்கியமான துப்பு.

இந்தச் சேர்மானம் அமெரிக்காவுக்கு மட்டும் சொந்தமில்லை. வங்காள விரிகுடாவின் ஈரத்தின் மேல் மேற்கிலிருந்து உலர்ந்த வெப்பக்காற்று படிந்து, அதற்கும் மேலே ஜெட் காற்றோட்டம் ஓடும் சித்திரை நாள்களில் வங்காளத்திலும் இதே கதைதான். 1989 ஏப்ரல் 26 அன்று வங்கதேசத்தின் மானிக்கஞ்ச் மாவட்டத்தில் ஒரு டொர்னேடோ சுமார் 1300 பேரைக் கொன்றது. உலகில் பதிவானவற்றில் மிக அதிக உயிர்களைக் குடித்த டொர்னேடோ அதுவே. அமெரிக்காவில் ஆண்டுக்குச் சுமார் 1200 டொர்னேடோக்கள் வருகின்றன. அங்கே இவ்வளவு பேர் ஒரே நாளில் இறந்ததில்லை.

அங்கும் நிலைமை எப்போதும் இப்படி இருக்கவில்லை. 1925 மார்ச் 18 அன்று மிசூரி, இல்லினாய், இண்டியானா ஆகிய மூன்று மாநிலங்களின் ஊடாக ஒரு டொர்னேடோ ஓடியது. மூன்றரை மணி நேரம், ஏறத்தாழ 350 கிலோமீட்டர், மணிக்குச் சராசரியாக நூறு கிலோமீட்டர் வேகம். 695 பேர் இறந்தார்கள். அன்றைய வானிலை அறிக்கையில் டொர்னேடோ என்ற சொல்லே இல்லை, இருக்கவும் முடியாது. பீதி கிளம்பும் என்று அஞ்சி அந்தச் சொல்லை அறிக்கைகளில் பயன்படுத்துவதையே அரசு நிறுத்திவைத்திருந்தது. 1880களின் பிற்பகுதியில் தொடங்கிய அந்தத் தடை 1938 வரை நீடித்தது.

தடைக்கு முந்திய காலத்தில் ராணுவத்தின் சிக்னல் பிரிவைச் சேர்ந்த ஜான் ஃபின்லி என்பவர் துணிந்து முயன்றார். 1884இல் அவர் வெளியிட்ட முன்னறிவிப்புகள் 2803, அவற்றில் 96.6 சதவீதம் சரி என்று அறிவித்தார். கேட்டவர்கள் வியந்தார்கள். குரோவ் கார்ல் கில்பர்ட் என்ற நிலவியலாளர் அந்தக் கணக்கை எடுத்துப் பார்த்தார். எல்லா நாளும் 'டொர்னேடோ வராது' என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருந்தால் 98.2 சதவீதம் சரியாக இருந்திருக்கும்! அரிதான ஆபத்தை முன்னறிவிப்பவர்களின் திறமையை எப்படி அளப்பது என்ற கேள்வி அன்று பிறந்தது. மருத்துவப் பரிசோதனைகளின் துல்லியத்தை இன்று கணக்கிடுவோரும் அதே கேள்வியோடுதான் மல்லுக்கட்டுகிறார்கள்.

திருப்பம் 1948இல் வந்தது. மார்ச் 20 இரவு ஓக்லஹோமாவின் டிங்கர் விமானப்படைத் தளத்தை ஒரு டொர்னேடோ தாக்கியது. வெளியில் நிறுத்தியிருந்த விமானங்கள் நொறுங்கின. சேதம் ஒரு கோடி டாலருக்கு மேல். தளத்தின் வானிலை அதிகாரிகளான எர்னஸ்ட் ஃபாபுஷும் ராபர்ட் மில்லரும் பழைய வரைபடங்களை அள்ளிப் போட்டுக்கொண்டு, டொர்னேடோ நாள்களுக்கெல்லாம் பொதுவான அடையாளம் என்ன என்று தேடினார்கள். ஐந்தாம் நாள் காலை வந்த வரைபடம் 20ஆம் தேதியின் வரைபடத்தைப் போலவே இருந்தது. ஒரே தளத்தை ஒரே வாரத்தில் இரண்டு முறை தாக்குமா? தளபதி கேட்டார், இருவரும் தயங்கித் தயங்கி எச்சரிக்கையை எழுதிக் கொடுத்தார்கள். விமானங்கள் கொட்டகைகளுக்குள் போயின. இனித் தன் வேலை போய்விடும் என்ற எண்ணத்தோடு மில்லர் வீடு திரும்பினார். மாலையில் டொர்னேடோ வந்தது, அதுவும் தளத்தின் மேலேயே. ஒருவரும் சாகவில்லை.

தரையில் கிடக்கும் சிதைவைப் படிக்கக் கற்றுத்தந்தவர் ஜப்பானியரான டெட்சுயா ஃபுஜிதா. 1945இல் கொக்குராவுக்கு அருகே ஒரு கல்லூரியில் பணியாற்றிக்கொண்டிருந்த இளைஞர் அவர். ஆகஸ்ட் 9 அன்று அணுகுண்டுக்குக் குறிவைக்கப்பட்ட நகரம் கொக்குரா; இலக்கு கண்ணுக்குத் தெரியாததால் விமானம் நாகசாகிக்குத் திரும்பியது. சில வாரங்கள் கழித்து நாகசாகி போன ஃபுஜிதா, கல்லறைகளின் முன் வைத்திருந்த மூங்கில் பூக்குவளைகளில் எந்தப் பக்கம் கருகியிருக்கிறது என்று பார்த்துப் பார்த்து, குண்டு வெடித்த உயரத்தைக் கணக்கிட்டார். அந்தக் கண்ணோடு 1953இல் சிகாகோ பல்கலைக்கழகத்துக்குப் போனார். இடிந்த வீடுகள், சாய்ந்த மரங்கள், சோள வயலில் விழுந்த சுழல் தடங்கள் எல்லாவற்றையும் சிறுவிமானத்திலிருந்து படமெடுத்தார். 1971இல் அவர் தந்த எஃப் அளவுகோல், 2007இல் திருத்தப்பட்டு ஈஎஃப் என்ற பெயரில் இன்றும் புழங்குகிறது. ஒரு டொர்னேடோவின் வேகத்தை யாரும் நேரே அளக்காவிட்டாலும், அது விட்டுப்போன இடிபாட்டிலிருந்து மதிப்பிட முடியும்.

1974 ஏப்ரல் 3, 4 நாள்களில் 24 மணி நேரத்துக்குள் 148 டொர்னேடோக்கள் வந்தன. 300 பேருக்கு மேல் மாண்டார்கள். அவை போன தடங்களை ஃபுஜிதாவின் குழு ஆகாயத்திலிருந்து தேடியபோது ஒரு காட்டில் மரங்கள் சுழல் வடிவில் விழாமல், நடுவிலிருந்து எல்லாத் திசைகளிலும் வெளிப்புறமாகச் சாய்ந்திருந்தன. மேலிருந்து கொட்டி, தரையில் மோதித் தெறித்த காற்றின் தடம் என்று அவர் முடிவு செய்தார். அடுத்த ஆண்டு நியூயார்க்கில் தரையிறங்கும்போது ஒரு பயணிகள் விமானம் நொறுங்கி நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தபோது, காரணம் அதே கொட்டும் காற்றுதான் என்றார். சக அறிஞர்கள் பலர் நம்பவில்லை. பின்னர் ரேடார் ஆய்வுகள் அவரை மெய்ப்பித்தன. விமானிகளின் பயிற்சியே மாறியது.

குளிர்காலப் பக்கத்துக்கு வந்தால், உறைமழை அளவுக்கு வஞ்சகமானது வேறில்லை. மேலே பனியாகப் புறப்படுவது நடுவில் ஒரு வெப்ப அடுக்கில் உருகி மழையாகிறது. தரையருகே சில நூறு மீட்டர் கனமுள்ள குளிர் அடுக்கில் பூஜ்ஜியத்துக்குக் கீழே குளிர்ந்தும் உறையாமல், கம்பியையோ கிளையையோ தொட்ட கணத்தில் கண்ணாடியாக ஒட்டிக்கொள்கிறது. குளிர் அடுக்கு தடித்தால் வழியிலேயே உறைந்து ஐஸ் துகளாகிவிடும். மெலிந்தால் வெறும் மழை. ஒரு பாகை வேறுபாட்டில் ஊரின் கதி மாறும். 1998 ஜனவரியில் கனடாவின் கியூபெக், ஒன்டாரியோ, அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்கள் ஆகியவற்றின் மேல் இப்படி ஐந்தாறு நாள் விட்டுவிட்டுப் பெய்தது. மின்கோபுரங்கள் நூற்றுக்கணக்கில் மடங்கி விழுந்தன. நாற்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் இருளில் மூழ்கினார்கள். மொன்றியலுக்குத் தெற்கே சில ஊர்களில் ஒரு மாதம்வரை விளக்கெரியவில்லை.

2021 பிப்ரவரியில் டெக்சாஸை உறையவைத்த குளிர் பல நாள் முன்பே அறிவிக்கப்பட்ட ஒன்று. அறிவிப்பில் குறை ஒன்றும் இல்லை. எரிவாயுக் கிணறுகளும் குழாய்களும் மின்நிலையக் கருவிகளும் அந்தக் குளிருக்குத் தயாராக இல்லை, அவை உறைந்தன. மாநில மின்தொகுப்பு முழுதாகச் சரிய நான்கரை நிமிடம் இருந்தபோது அதிகாரிகள் லட்சக்கணக்கான வீடுகளின் இணைப்பைத் துண்டித்தார்கள். இறந்தவர்கள் 246 பேர் என்பது அரசின் கணக்கு. பெரும்பாலோர் குளிரில் உடல் விறைத்துப் போனவர்கள். சூடேற்றிக்கொள்ள வீட்டுக்குள் கரியடுப்பை மூட்டியோ, மூடிய கொட்டகைக்குள் காரை ஓடவிட்டோ கார்பன் மோனாக்சைடுக்கு இரையானவர்களும் உண்டு.

2019 மார்ச்சில் நெப்ராஸ்காவில் நடந்ததில் இரண்டு பருவங்களும் கைகோத்தன. நிலம் ஆழம்வரை உறைந்திருந்தது, அதன் மேல் பனி. கொலராடோவில் 970 மில்லிபாருக்கு இறங்கிய ஒரு 'குண்டு' வசந்தகால மழையை அந்தப் பனிமேல் கொட்டியது. உறைந்த மண் ஒரு சொட்டும் உறிஞ்சவில்லை. ஆறுகளின் மேலிருந்த பனித்தகடு உடைந்து, கார் அளவுள்ள பாளங்களாக வெள்ளத்தோடு கிளம்பியது. நயோபிரரா ஆற்றின் ஸ்பென்சர் அணை மார்ச் 14 விடியலில் உடைந்தது. மாடுகள் கன்று ஈனும் காலம் அது. ஈரம் காயாத கன்றுகள் மேற்கே பனிப்புயலிலும் கிழக்கே வெள்ளத்திலும் மடிந்தன.

எச்சரிக்கையின் கடைசிக் கட்டத்துக்குத் திரும்புவோம். 1990களில் நாடெங்கும் நிறுவப்பட்ட டாப்ளர் ரேடார்கள் மேகத்துக்குள் காற்று எதிரெதிராக ஓடுவதைக் காட்டுகின்றன. இதனால் டொர்னேடோ எச்சரிக்கைக்கும் தாக்குதலுக்கும் இடையே சராசரியாகப் பத்து நிமிடத்தை ஒட்டிய அவகாசம் கிடைக்கிறது. ஆனால் பத்து எச்சரிக்கைகளில் ஏழு வெறும் பயமுறுத்தலாக முடிகின்றன. 2011 மே 22 அன்று மிசூரியின் ஜாப்ளின் நகரில் சைரன் ஒலித்தபோது, பெரும்பாலோர் உடனே ஒளியவில்லை. சன்னலைத் திறந்து பார்த்தார்கள், தொலைக்காட்சியைப் போட்டார்கள், உறவினரை அழைத்தார்கள். அந்த டொர்னேடோ 158 பேரைக் கொன்றது. அவர்களை அலட்சியக்காரர்கள் என்று சொல்வது அநியாயம். ஓயாமல் சைரன் கேட்டு ஒன்றும் நடக்காமல் போன ஊரில் இரண்டாவது சான்றைத் தேடுவது மனித இயல்பு. அதை உணர்ந்த வானிலைச் சேவை, அடுத்த ஆண்டு முதல், வரப்போகும் அழிவின் அளவை வெளிப்படையாகச் சொல்லும் எச்சரிக்கைகளைச் சோதித்துப் பார்க்கத் தொடங்கியது.

தவறான பாடமும் உயிரைக் குடிக்கும். 1991இல் கான்சாஸ் நெடுஞ்சாலையில் ஒரு தொலைக்காட்சிக் குழு மேம்பாலத்தின் அடியில் பதுங்கித் தப்பிய படம் உலகமெங்கும் ஓடியது. பலவீனமான டொர்னேடோ ஒன்றிடம் அவர்கள் தப்பினார்கள் என்பது பார்த்தவர்களுக்குத் தெரியாது. 1999 மே 3 அன்று ஓக்லஹோமாவில் காற்று மணிக்கு 480 கிலோமீட்டரைத் தாண்டியபோது மக்கள் கார்களை விட்டுவிட்டு மேம்பாலங்களுக்கு அடியில் ஏறிக்கொண்டார்கள். அந்தக் குறுகிய இடுக்கில் காற்று இன்னும் வேகமெடுக்கும். பறந்துவரும் தகரமும் கட்டையும் அங்கேதான் குவியும். மூன்று மேம்பாலங்களில் மூன்று உயிர்கள் போயின.

கடந்த சில பத்தாண்டுகளில் டொர்னேடோவுக்கு ஏற்ற சூழல் அமெரிக்காவின் நடுவிலுள்ள பெருஞ்சமவெளியில் குறைந்து, கிழக்கே மிசிசிப்பி, டென்னசி, அலபாமா பக்கம் கூடிவருவதை விக்டர் ஜென்சினியும் ஹெரால்ட் புரூக்ஸும் 2018இல் காட்டினார்கள். இது கவலைக்குரிய செய்தி. தென்மாநிலங்களில் இருட்டிய பின் வரும் டொர்னேடோக்கள் அதிகம். காடும் குன்றும் பார்வையை மறைக்கும். அடித்தளமில்லாத மொபைல் ஹோம்களில் வாழும் ஏழைக் குடும்பங்கள் ஏராளம். 2023 மார்ச் 24 இரவு மிசிசிப்பியின் ரோலிங் ஃபோர்க் என்ற சிற்றூரை அழித்த டொர்னேடோவுக்கு எச்சரிக்கை முன்பே வந்தது. மொபைல் ஹோமில் இருப்பவருக்கு அந்த எச்சரிக்கை, 'வெளியேறி உறுதியான கட்டடத்துக்குப் போ' என்கிறது. நடந்துபோகும் தொலைவில் அப்படி ஒரு கட்டடம் இல்லாவிட்டால் பத்து நிமிடத்தை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? இருபது நிமிடமாக நீட்டினாலும் அந்தக் குறை தீராது.

ஓக்லஹோமாவின் மூர் நகரம் இந்தக் கேள்வியை வீடு கட்டும் இடத்திலிருந்து தொடங்கியது. 1999, 2003, 2013 என்று அடிமேல் அடி வாங்கிய ஊர் அது. 2013இல் ஒரு தொடக்கப்பள்ளியில் மட்டும் ஏழு குழந்தைகள் இறந்தார்கள். மறு ஆண்டு நகராட்சி கட்டட விதியை மாற்றியது. புதிய வீடுகள் மணிக்கு 217 கிலோமீட்டர் காற்றைத் தாங்க வேண்டும்: கூரைச் சட்டத்தைச் சுவரோடு இணைக்க உலோகக் கொக்கி, நெருக்கமாக அடித்த ஆணி, காற்றில் உள்வாங்காத கார்க்கொட்டகைக் கதவு. பெரும்பாலும் அந்தக் கதவு பிய்ந்த இடத்தில்தான் காற்று உள்ளே புகுந்து கூரையைத் தூக்குகிறது. டொர்னேடோவின் மையத்தில் சிக்கிய வீட்டை இந்த விதியால் காப்பாற்ற முடியாது. ஆனால் சேதமடையும் வீடுகளில் பெரும்பாலானவை பாதையின் ஓரத்தில், காற்று அடங்கும் இடத்தில் இருப்பவை. இடிந்த பள்ளிகளைத் திரும்பக் கட்டியபோது, எல்லாக் குழந்தைகளும் ஒதுங்கக்கூடிய கான்கிரீட் அறைகளோடு கட்டினார்கள்.